தூங்காமல் இருப்பது வேறு, தூக்கம் வராமல் இருப்பது வேறு

பெங்களூரில் ஐடி ஆபீஸ் இருக்கும் தெருவில் ஒரு காண்டிமென்ட்ஸ் கடை கட்டாயம் இருக்கும். பெயரைப் பார்த்து மளிகைக் கடை என்று நினைத்துவிடாதீர்கள். டீ, சிகரெட், பன், கடலை மிட்டாய், அதோடு அலுவலகப் புலம்பல் எல்லாம் கிடைக்கிற இடம் அது. சாயங்காலம் நம்மாட்கள் நாலு பேர் அங்கே கூடினால் பேச்சு எப்படியோ தூக்கத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

"எனக்கு இன்சோம்னியா மச்சி, நேத்து ரெண்டரை மணி வரைக்கும் சீரிஸ் பார்த்துட்டு இருந்தேன்" என்பான் ஒருவன். அமெரிக்க ஷிப்டில் வேலை பார்க்கும் இன்னொருவன், "காலைல எட்டு மணிக்குப் படுத்தா பதினொண்ணுக்கே முழிப்பு வந்துடுது, எனக்கும் அதேதான்" என்பான். மூன்றாவது ஆள் பெரும்பாலும் பேசவே மாட்டான். கேட்டால், "பத்து மணிக்கே படுத்துடறேன்டா. மூணு மணி வரைக்கும் ஃபேனையே பார்த்துட்டு இருக்கேன்" என்பான்.

மூன்று பேரும் புலம்புவது தூக்கத்தைப் பற்றித்தான் என்றாலும் சிக்கல்கள் மூன்று வகை. முதல் ஆளுக்கு இருப்பது தூக்கப் பற்றாக்குறை. போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும். இரண்டாவது ஆளுக்கு நேரம்தான் பொருந்தவில்லை. மூன்றாவது ஆளுக்கு நேரம் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, மெத்தை இருக்கிறது, தூக்கம் மட்டும் இல்லை. இன்சோம்னியா, அதாவது தூக்கமின்மை நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த மூன்றாவது ஆளின் நிலையைத்தான்.

பேரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. முதல் ஆளுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது வீண். மூன்றாவது ஆளிடம் "போனை ஓரமா வெச்சுட்டு சீக்கிரம் படு" என்று சொல்வதும் வீண்தான். அவன் ஏற்கெனவே சீக்கிரம் படுத்துத்தான் அவதிப்படுகிறான். ஏன் அப்படி ஆகிறது என்று புரிய, தூக்கம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தூக்கமும் ஒரு பசிதான்

பசி ருசி அறியாது, நித்திரை பாய் அறியாது என்பார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னவர்களுக்கு உடலியல் தெரிந்திருந்ததோ என்னவோ, இரண்டும் வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாப்பிட்டு நேரமாக ஆகப் பசி ஏறுகிறது. விழித்து நேரமாக ஆகத் தூக்கப் பசி ஏறுகிறது. இதைத் தூக்க அழுத்தம் என்பார்கள்.

மூளை நாள் முழுக்க வேலை செய்யும்போது அடினோசின் என்ற வேதிப்பொருள் அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அடுப்பு எரிய எரியச் சாம்பல் சேர்வதைப் போல. சாம்பல் கூடக் கூட மூளைக்கு மந்தம் தட்டுகிறது, கண் சொக்குகிறது. தூங்கும்போது அடுப்பு சுத்தமாகி, காலையில் புதிதாகப் பற்ற வைக்கலாம் என்று ஆகிறது.

காபி செய்யும் வேலை இங்கேதான். காபியில் இருக்கும் கஃபீன் அடினோசினை அகற்றுவதில்லை. அடினோசின் போய் உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. சாம்பல் அப்படியே இருக்க, அடுப்பு மேல் ஒரு துணியைப் போட்டு மறைத்த கதை. இந்த ஊரில் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பகிர்ந்து 'பை-டூ' குடிக்கிறோம் அல்லவா, கஃபீனை உடம்பும் பை-டூ போட்டுத்தான் செலவழிக்கிறது. சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் அதில் பாதி. ஆளுக்கு ஆள் இது கூடும் குறையும். ஆக, சாயங்காலம் ஐந்தரைக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி, நீங்கள் படுக்கும் பத்தரைக்கும் ரத்தத்தில் இருக்கலாம். "எனக்குக் காபி குடிச்சாத்தான் தூக்கமே வரும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. தூக்கம் வரலாம், ஆனால் அதன் ஆழம் குறையும்.

பகல் தூக்கத்தையும் இதே கணக்கில் பாருங்கள். ஆறு மணிக்கு நாலு பஜ்ஜி சாப்பிட்டவர் எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து "பசிக்கலையே" என்றால் யாரும் வைத்தியரிடம் போகச் சொல்ல மாட்டார்கள். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு இரவு தூக்கம் வரவில்லை என்பதும் அதே ரகம்.

உள்ளே ஒரு கடிகாரம்

பசி மட்டும்தான் கணக்கு என்றால், இரவு முழுக்கக் கண் விழித்தவர் காலை பத்து மணிக்கு அடித்துப் போட்டதுபோல் தூங்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஊருக்குப் போக இரவு பஸ்ஸில் கண் மூடாமல் வந்தவருக்கு விடிந்ததும் தெம்பு திரும்பி வருகிறது. அதற்குக் காரணம் உயிர்க்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இது. எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று உடம்பு முழுவதற்கும் நேரம் சொல்வது இதன் வேலை.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். முக்கியமாகக் காலை வெளிச்சம். இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற சுரப்பு வெளிவந்து 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்கு அறிவிக்கிறது. அது தூங்க வைக்கிற சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தண்டோரா போடுகிறவனைப் போலத்தான் அது. செய்தி சொல்லும், தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்காது.

இரவு ஷிப்ட் நண்பரின் சிக்கல் இப்போது புரியும். அவருக்குத் தூக்கப் பசி நிறைய இருக்கிறது; கடிகாரமோ 'காலை எட்டு, எழுந்திரு' என்கிறது. பி.எம்.டி.சி பஸ் ஹாரனும் குக்கர் விசிலும் கடிகாரத்துக்குத் துணை. அவருக்கு வேண்டிய உதவி வேறு: ஷிப்ட் நேரத்தை ஒழுங்குபடுத்துவது, வீட்டுக்கு வரும் வழியில் வெயிலைத் தவிர்ப்பது, அறையை இருட்டாக வைப்பது.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே படமாக 1982இல் தந்தவர் அலெக்சாண்டர் போர்பேய் என்ற ஆய்வாளர். இன்றும் தூக்கவியல் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சுருக்கமாக: தூக்கப் பசி ஏறியிருக்க வேண்டும், கடிகாரமும் இரவைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒத்து வரும்போது தூக்கம் தானாக வரும். அப்படியானால் இரண்டும் சரியாக இருந்தும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளுக்கு என்ன?

விசிலை நிறுத்தாத காவலாளி

ஒரு அபார்ட்மென்டில் திருட்டு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாளிலிருந்து வாட்ச்மேன் விழிப்பாக இருக்கிறார். ராத்திரி முழுக்க விசில் ஊதுகிறார், தடியால் தரையைத் தட்டுகிறார், ஜன்னல் ஜன்னலாக டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஒரு வாரம் சரி. திருடன் பிடிபட்டு ஆறு மாதம் ஆன பிறகும் அவர் அதையே செய்தால்? குடியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இப்போது திருடன் அல்ல, வாட்ச்மேன்.

நம் மூளைக்குள்ளும் அப்படி ஒரு காவலாளி உண்டு. ஆபத்து என்றால் இதயத் துடிப்பைக் கூட்டி, உடலைச் சூடாக்கி, எண்ணங்களை ஓட விட்டு நம்மை விழிப்பாக வைப்பது அவன் வேலை. நாள்பட்ட தூக்கமின்மையில் இவன் இரவிலும் ஓய்வதில்லை. மிகை விழிப்பு என்று இதற்குப் பெயர். உடம்பு அசந்து கிடக்கும், மூளை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இவர்களில் பலருக்குப் பகலிலும் தூக்கம் வராது என்பது ஒரு முக்கியமான அடையாளம். பகல் முழுக்கச் சோர்வு. ஆனால் சோஃபாவில் சாய்ந்தால் கண் மூட மறுக்கும். தூக்கப் பற்றாக்குறைக்காரர் அப்படியல்ல, கம்பெனி கேபில் சில்க் போர்டு சிக்னல் தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும். (அந்த சிக்னலில் நிற்கும் நேரத்துக்கு ஒரு முழுத் தூக்கமே போடலாம் என்பது வேறு விஷயம்.)

திருடன் போன பிறகும்

ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் சித்தியை வைத்து மீதியைச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை; அந்த நேரத்தில் தூங்கியிருந்தால்தான் ஆச்சரியம். சித்தப்பா தேறி, நடந்து, ரேஷன் கடைக்குப் போய்ச் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டார். சித்திக்குத் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. எட்டு மாதம்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தூக்கமின்மைக்கு மூன்று அடுக்குக் காரணங்கள் என்றார். முதலாவது இயல்பு: சிலர் பிறவியிலேயே கோழித் தூக்கக்காரர்கள், கவலைப்படும் சுபாவம் உள்ளவர்கள். இரண்டாவது தூண்டல்: சாவு, கடன், வேலை போவது, பிள்ளைப்பேறு, ஆபரேஷன். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: தூக்கம் கெட்ட பிறகு அதைச் சரிசெய்ய நாமே செய்யும் காரியங்கள். தூண்டல் போன பிறகும் நோயை உயிரோடு வைத்திருப்பது இவைதான்.

சித்தி என்னவெல்லாம் செய்தாள்? 'ராத்திரி தூக்கம் வராது, அதனால் சீக்கிரமே படுப்போம்' என்று ஒன்பது மணிக்கே படுத்தாள். விடிகாலையில் கொஞ்சம் கண் அசந்தால் 'வந்த தூக்கத்தை விட வேண்டாம்' என்று ஏழரை வரை கிடந்தாள். மதியம் விட்டதைப் பிடிக்க முயன்றாள். ராத்திரி பத்து தடவை போனை எடுத்து மணி பார்த்தாள். 'இப்போ தூங்கினாக்கூட நாலு மணி நேரம்தான்' என்று கணக்குப் போட்டாள். கேட்டால் ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சீக்கிரம் படுப்பதாலும் பகலில் படுப்பதாலும் தூக்கப் பசி குறைந்தது. நேரம் மாறி எழுவதால் கடிகாரம் குழம்பியது. மணி பார்த்துப் பதறுவதால் காவலாளி விசிலை எடுத்தான். மூன்றும் ஒரே நேரத்தில்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. புளியைப் பார்த்தாலே வாயில் எச்சில் ஊறுகிறது. யாரும் ஊறச் சொல்லவில்லை. பல வருடமாக நாக்கு கற்றுக்கொண்ட பாடம் அது. அதேபோல மாதக்கணக்கில் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்து, கவலைப்பட்டு, மணி பார்த்துக் கிடந்தால், மூளை கட்டிலை விழித்திருக்கும் இடம் என்று கற்றுக்கொள்கிறது. ஹாலில் டிவி முன்னால் தலை ஆடும். எழுந்து போய்க் கட்டிலில் படுத்ததும் பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். "அதெப்படிடா, ஹால்ல தூங்கி விழறேன், உள்ள போனா ஓடிப் போயிடுது?" என்று சித்தியே என்னிடம் கேட்டிருக்கிறாள். தூக்கமின்மைக்காரர்கள் பலரிடம் இதே கேள்வி இருக்கும்.

ஆக இதுவரை வந்தது: கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கத்தைச் சரிசெய்யும் முயற்சி அதை மேலும் கெடுக்கிறது. நாளாக ஆகக் கட்டிலே விழிப்பை உண்டாக்குகிறது. முதல் கவலை தீர்ந்தாலும் மற்ற இரண்டும் சொந்தக் காலில் நிற்கப் பழகிவிடுகின்றன.

எனக்கு இருப்பது இதுதானா?

மருத்துவர்கள் பார்ப்பது மூன்றை. ஒன்று, தூக்கம் பிடிக்க நேரமாகிறதா, நடுவில் கலைந்து மறுபடி வரமாட்டேன் என்கிறதா, அல்லது விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறதா. இரண்டு, தூங்குவதற்கு நேரமும் வசதியும் இருந்தும் இப்படி ஆகிறதா. மூன்று, இதனால் பகல் கெடுகிறதா: சோர்வு, எரிச்சல், மறதி, வேலையில் தப்பு. வாரத்தில் குறைந்தது மூன்று இரவாவது இப்படி இருந்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்று கணக்கு. பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஆனாலும் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு நாள் முழுக்கத் துடிப்பாகத் திரிகிறவருக்கு வியாதி எதுவும் இல்லை. எட்டு மணி நேரம் வரவில்லையே என்று அவர் கவலைப்பட ஆரம்பித்தால் வேண்டுமானால் வரலாம். இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு தட்டுவதும் இயல்பு. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது, சுற்று முடியும் இடங்களில் லேசாக விழித்துத் திரும்பத் தூங்குகிறோம். வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் குறைந்து, தூக்க நேரமும் முன்னால் நகரும். ஒன்பதுக்குத் தூங்கும் தாத்தா நாலு மணிக்கு எழுந்து வாசலைப் பார்த்து உட்காருவதை நோய் என்று சொல்லிவிட முடியாது.

கையில் கட்டும் வாட்ச் கொடுக்கும் தூக்க மதிப்பெண்ணைப் பார்த்து முகம் வாடுகிறவர்களும் இப்போது அதிகம். அந்த வாட்ச் உங்கள் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. காலையில் எழுந்து 'எப்படி இருக்கிறது உடம்பு' என்று உங்களையே கேட்டுக்கொள்ளாமல் மணிக்கட்டைக் கேட்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தூக்கமின்மை மாதிரியே தோன்றும் வேறு சிலவும் உண்டு. சத்தமான குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது என்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதால் அலட்சியம் வேண்டாம். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. படுத்தால் காலில் ஏதோ ஊர்வது போலவும் ஆட்டினால்தான் சரியாகும் போலவும் இருந்தால் அதற்கும் தனி நோய்ப் பெயர் உண்டு. உடம்பில் இரும்புச்சத்து குறைவது அதற்கு ஒரு காரணம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும் தூக்கம் கெடும். தினமும் விடியற்காலையில் விழிப்பு வந்து, மனசு கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனச்சோர்வு நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே உதவி கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

சித்தி முதலில் போனது டாக்டரிடம் அல்ல, தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு. "பாதி போட்டுக்கோங்க அம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். முதல் வாரம் நன்றாகத் தூங்கினாள். அப்புறம் பாதி போதவில்லை, முழுசானது.

அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் இந்தியாவில் எச்-1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள விதி இது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கும்போது நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இவற்றுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு நெருக்கடியில் சில நாட்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது நியாயமான வைத்தியம். சிக்கல் நாள் கடக்கும்போது வருகிறது. உடம்பு பழகி, அதே அளவு வேலை செய்யாமல் போகிறது. நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகிறது. அதைப் பார்த்து 'மாத்திரை இல்லாமல் நமக்கு முடியாது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். வயதானவர்களுக்கு ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழும் ஆபத்து வேறு.

மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், கடும் பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தூங்குவதற்காக ஒரு கட்டிங் போடுகிறவர்களுக்கு ஒரே வரி: சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் அந்தத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும்.

மாத்திரை இல்லாத மருந்து

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டிய சிகிச்சை எது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே முதலில் வைக்கிறது: சிபிடி-ஐ. தூக்கமின்மைக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று விரித்துச் சொல்லலாம். பெயர்தான் கனம், விஷயம் சித்தி செய்த காரியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவதுதான். வழக்கமாக 4 முதல் 8 அமர்வுகளில் முடியும்.

கட்டிலுக்கும் விழிப்புக்கும் ஏற்பட்ட உறவை அறுப்பது ஒரு பகுதி. ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972இல் வகுத்த முறை. கண் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போக வேண்டும். சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (மணி பார்க்காமல்) எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது செய்துவிட்டு, சொக்கும்போது திரும்ப வர வேண்டும். தேவைப்பட்டால் ஒரே இரவில் ஐந்து முறை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில். ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்கள் 'வேறு அறை'க்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாலும் போதும். பாய் விரித்தால் தூக்கம் என்று மூளை மறுபடி கற்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த பகுதி கேட்பதற்கே விநோதமாக இருக்கும்: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஒருவர் இரவு பத்து முதல் காலை ஏழு வரை ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருக்கிறார், தூங்குவதோ ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். படுத்திருந்த நேரத்தில் தூங்கிய பங்கு எவ்வளவு என்பதைத் தூக்கத் திறன் என்பார்கள். இவருக்கு அது சுமார் 61 சதவீதம். சிகிச்சையில் இவரைப் பன்னிரண்டு மணிக்கு முன் படுக்காதே, ஆறு மணிக்கு எழுந்துவிடு என்பார்கள். முதல் வாரம் கஷ்டம்தான். ஆனால் தூக்கப் பசி நன்றாக ஏறி, கிடைக்கிற ஆறு மணி நேரமும் தூக்கத்தாலேயே நிரம்பத் தொடங்கும். திறன் 85 சதவீதத்தைத் தாண்டியதும் வாரத்துக்கு 15, 20 நிமிடமாக நேரத்தைக் கூட்டுவார்கள். இடைவெளி விட்டுக் கட்டிய பூச்சரத்தை நெருக்கிக் கட்டுவது மாதிரி. பூ அதேதான், சரம் குட்டையாகும், அடர்த்தி கூடும். அப்புறம் பூவைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இதைத் தானாகச் செய்து பார்க்கக் கூடாதவர்கள் உண்டு. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆட்டோ, லாரி, பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர்கள் மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும். யாராக இருந்தாலும் பொதுவாக ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை.

மீதிப் பகுதி மனசுக்குள் ஓடும் கணக்குகளைப் பற்றியது. 'இன்னிக்குத் தூங்கலைன்னா நாளைக்கு வேலையே ஓடாது' என்கிற எண்ணம் எவ்வளவு உண்மை என்று உட்கார்ந்து பார்ப்பது. முந்தின வாரத்திலேயே அப்படி இரண்டு நாள் ஓட்டியிருப்பீர்கள்.

சூடான பால், கசகசா, உள்ளங்காலில் எண்ணெய், இருட்டு அறை, போன் வேண்டாம் என்கிற அறிவுரைகள் எல்லாம் நல்லவைதான். நாள்பட்ட நோய்க்கு அவை மட்டும் போதாது. பல் துலக்குவது நல்ல பழக்கம். சொத்தை விழுந்த பல்லைத் துலக்கிச் சரிசெய்ய முடியாது.

பெங்களூரில் யாரிடம் போவது

முதலில் குடும்ப மருத்துவர். தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை, சாப்பிடும் மருந்துகள் என்று உடம்புக் காரணங்களை அவரே பார்த்துவிடலாம். போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பை எடுத்துப் போங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கியிருப்பீர்கள், எத்தனை முறை விழிப்பு, எப்போது எழுந்தீர்கள், பகல் தூக்கம், காபி. ஸ்கூல் நோட்டில் காலையில் ஒரு வரி எழுதினால் போதும். வெறுமனே தூக்கமின்மை என்றால் தூக்க ஆய்வுப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. குறட்டை, மூச்சுத் திணறல் சந்தேகம் இருந்தால்தான் அது.

அதற்கு மேல் மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸ் என்ற மனநல மருத்துவமனை பற்றி நம் பெரியவர்களுக்கு இன்னும் ஒரு பயம் உண்டு. "அங்க போனா பைத்தியம்னு சொல்லிடுவாங்க." அது நரம்பியல் மருத்துவமனையும்கூட, பக்கவாதத்துக்கும் வலிப்புக்கும் தினமும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நிற்கும் இடம். சிவாஜிநகர் பௌரிங், கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போனாலும் "சிபிடி-ஐ செய்கிறவர்கள் இருக்கிறார்களா, தமிழில் பேச முடியுமா" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மனசில் ஓடுவதைக் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ மொழிபெயர்த்துச் சொல்வது எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல.

ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமையாகச் சொல்கிறது.

நேரில் போக முடியவில்லை என்றால் 14416. இது டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. நாள் முழுக்க இயங்கும், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

சித்தி கடைசியில் மருத்துவரிடம் போனாள். மாத்திரையைக் குறைக்க இரண்டரை மாதம் ஆனது. பன்னிரண்டு மணி வரை தூங்காமல் இருக்க என்ன செய்வது என்று தெரியாமல் ஹாலில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூ கட்டினாள். நான் மேலே சொன்ன பூச்சரக் கணக்கு அவளிடமிருந்து திருடியது. முதல் பத்து நாள் என்னைத் திட்டித் தீர்த்தாள். இப்போது பெரும்பாலான இரவுகளில் ஆறு மணி நேரம் தூங்குகிறாள். நடுவில் சில ராத்திரி வராமல் போவதும் உண்டு. அப்போது எழுந்து ஹாலுக்கு வந்துவிடுகிறாளாம். நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு ஒரு புதுப் புகார்: சித்தப்பாவின் குறட்டை நடுவில் நின்று நின்று வருகிறதாம், அதைக் கேட்டு இவள் எழுந்துகொள்கிறாளாம். அடுத்த வாரம் அவரை அழைத்துப் போகிறோம்.